வயலின் மேதை ஜோசப் யோவாகிம்



சென்ற ஆண்டின் இறுதியில் நம் பள்ளியின் பொருளறையைத் துப்புரவு செய்தபொழுது, பழைய நிலப்படச் சுருள்களுக்குப் பின்னால் ஒரு சிறு வயலின் அகப்பட்டது. நான்கு கம்பிகளுள் இரண்டு அறுந்து போயிருந்தன. வில்லின் மயிர் பாதி உதிர்ந்திருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதனைக் கையிலெடுத்து, இத்துணைச் சிறிய கருவியை யார் வாசித்திருப்பார்கள் என்று நம்மிடம் வினவினான். சிறுவர்க்கெனவே செய்யப்படும் அரை அளவு வயலின் அது என்று விளக்கினோம். அவன் அத்துடன் விடவில்லை. இதனைக் கற்றுக்கொண்டால் என்ன வேலைக்குப் போகலாம் என்று அடுத்த வினாவைத் தொடுத்தான்.

தோட்டத்துப் பிள்ளை கேட்க வேண்டிய வினாதான் அது. அதற்கு ஒரு வரியில் விடை கூற நம்மால் இயலவில்லை. ஆயினும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் அங்குள்ள நூலகத்தில் நாம் படித்த ஒருவருடைய வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அவர்தாம் ஜோசப் யோவாகிம். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய வயலின் கலைஞருள் முதல் வரிசையில் வைத்துப் போற்றப்படுபவர். மறுநாள் சபைகூடலில் அவரைப்பற்றிச் சொல்லத் தொடங்கினோம். மணி அடித்துவிட்டமையால் கதை பாதியில் நின்றது. மீதியைக் கேட்டு இன்றும் சிலர் நம் அறை வாசலுக்கு வருகின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரையை இம்மலரில் வரைகின்றோம்.

யோவாகிம் 1831ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 28ஆம் நாள் கிட்சே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் அங்கேரி நாட்டைச் சேர்ந்திருந்தது. இந்நாளில் ஆஸ்திரியாவில் உள்ளது. தந்தையார் யூலியுஸ் ஆட்டுமயிர் வணிகம் செய்த யூதர். எட்டுப் பிள்ளைகள் நிறைந்த அக்குடும்பத்தில் நம் யோவாகிம் ஏழாவது பிள்ளை. அவருக்கு இரண்டு வயதானபொழுது குடும்பம் பெஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. இன்று புடாபெஸ்ட் என்று வழங்கும் பெருநகரின் ஒரு பாதி அது. அங்கு ஒரு சந்தையில் தந்தையார் விளையாட்டுப் பொருளாக ஒரு வயலினை வாங்கி வந்து மகன் கையில் கொடுத்தார். பிள்ளை அதனை உடைத்துவிட்டு வேறொன்று கேட்கவில்லை. அதிலிருந்து பாட்டை வரவழைக்க முயன்றான்.

பெஸ்ட் நகர நாடக அரங்கின் இசைக்குழுத் தலைவராய் விளங்கிய செர்வாசின்ஸ்கி என்பவர் அவனுக்கு முதலாசிரியராய் வாய்த்தார். 1839ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 17ஆம் நாள், எட்டு வயது நிரம்பாத அச்சிறுவன் தன் ஆசிரியருடன் மேடையேறி இரட்டை வயலின் வாசித்தான். ஊரார் வியந்தனர். மேற்கொண்டு கற்க வேண்டுமாயின் வியன்னாவுக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

வியன்னாவில் நிகழ்ந்ததை நாம் சற்று விரித்துக் கூற வேண்டும். அங்குப் புகழ்பெற்ற ஆசிரியராய் இருந்தவர் ஹெல்மெஸ்பெர்கர். அவரிடம் சில திங்கள் பயின்ற பின், பெற்றோர் வந்து மகனின் முன்னேற்றத்தைக் கேட்டனர். பையனின் வலக்கை மிக விறைப்பாக உள்ளது, வில்லை வளைவோடு இழுக்கத் தெரியவில்லை, இவனால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதே ஆசிரியரின் தீர்ப்பாய் இருந்தது. வயலினில் இடக்கை விரல்கள் சுரத்தைக் காட்டும். வலக்கையில் உள்ள வில்தான் அதற்கு உயிர் கொடுக்கும். வில் பிடிக்கும் கை மரக்கட்டையைப்போல் இருந்தால் எத்துணைச் சுரஞானம் இருந்தும் பயனில்லை. ஆகவே, ஆசிரியர் கண்ட குறை பொய்யான குறையன்று. ஆனால், குறையைக் கண்டவர் அதனைத் திருத்தும் வழியைத் தேடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நிற்கும் நாமும் எத்தனை பிள்ளைகளைப்பற்றி இவ்வாறு அவசரத் தீர்ப்பு எழுதியிருப்போமோ என்று இப்பகுதியை எண்ணும்பொழுதெல்லாம் மனம் கூசுகின்றது.

பெற்றோர் மகனை ஊருக்கே அழைத்துச் சென்றுவிட எண்ணினர். நல்வாய்ப்பாக, ஏர்ன்ஸ்ட் என்னும் பெரும் வயலின் கலைஞர் அந்நேரம் வியன்னாவில் கச்சேரி செய்துகொண்டிருந்தார். சிறுவன் வாசிப்பதை அவர் கேட்டார். நம்பிக்கை இழக்க வேண்டா, என் ஆசிரியரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று வழிகாட்டினார். அந்த ஆசிரியர்தாம் ஜோசப் பேம். வியன்னா இசைக் கல்லூரியில் பல்லாண்டு கற்பித்தவர். யோவாகிம் அவர் இல்லத்திலேயே தங்கி, அவர் வீட்டுப் பிள்ளையைப்போல் வளர்ந்தான். விறைத்த கை மெல்ல மெல்ல நெகிழ்ந்தது. பின்னாளில் ஐரோப்பா முழுவதும் புகழப்பட்டது யோவாகிமின் வில் வன்மையே என்பதை இங்கேயே சொல்லி வைக்கின்றோம்.

பேம் இல்லத்தில் சிறுவனுக்குக் கிடைத்த செல்வம் அதுமட்டுமன்று. அங்கு நால்வர் கூடி இசைப்பது வழக்கம். இதனை நம் மாணவர்க்கு விளக்க வேண்டும். நம் கருநாடக இசைக் கச்சேரியில் வயலின் கலைஞர் தரையில் அமர்ந்து பாடகரைப் பின்தொடர்ந்து வாசிப்பதைக் கோவில் திருவிழாக்களில் கண்டிருப்பீர்கள். மேனாட்டு முறையில் ‘நால்வர் இசை’ என ஒன்று உண்டு. இரண்டு வயலின்கள், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று ஆகிய நான்கு நரம்புக் கருவிகளே அதில் உண்டு. பாடகர் இல்லை, தாளம் காட்டுவாரும் இல்லை. கோல் பிடித்து நடத்துபவரும் இல்லை. நால்வரும் அரைவட்டமாய் அமர்ந்து, ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு வாசிக்க வேண்டும். பெரிய மண்டபத்தில் அன்றி வீட்டுக் கூடத்தில் வாசிப்பதற்கென எழுந்தமையால் இவ்வகை இசைக்கு ‘அறையிசை’ என்று பெயர். நான்கு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக் குறுகிய வாசலில் நுழைக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். யாரும் கட்டளையிடாமலே நால்வரும் ஒரே நொடியில் சாய வேண்டும். ஏறத்தாழ அத்தகைய வேலை அது.

பேம் இக்கலையை யாரிடம் கற்றார் என்பது வியப்புக்குரியது. 1825ஆம் ஆண்டில் மாபெரும் இசைப்புலவர் பீத்தோவன் தாம் புதிதாய் இயற்றிய நால்வர் இசை ஒன்றை வேறொரு குழுவிடம் அளித்தார். பயிற்சி போதாமையால் அஃது அரங்கில் எடுபடவில்லை. பின்னர் அதே இசையைப் பேம் குழுவினர் பீத்தோவனின் கண்முன்னாலேயே பயின்றனர். கண்முன் என்று நாம் எழுதியது தற்செயலன்று. அக்காலத்தில் பீத்தோவன் முற்றும் செவிடராய் இருந்தார். அவர் ஒரு மூலையில் குனிந்து அமர்ந்து, நான்கு விற்களின் அசைவை மட்டுமே உற்று நோக்கினார். வில் ஓடும் வேகத்தைக் கொண்டே எங்கு விரைந்தனர், எங்குத் தளர்ந்தனர் என்பதை அறிந்து அவ்வப்பொழுது திருத்தினார். இம்முறை இசை வென்றது. அந்த அறையில் வாசித்த கைதான் சிறுவன் யோவாகிமின் கையைப் பிடித்து வில் இழுக்கக் கற்பித்தது.

1843ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், யோவாகிம் செர்மனியின் லைப்சிக் நகரை அடைந்தான். அவனுடைய உறவினரான அம்மையார் ஒருவர் அங்கே வாழ்ந்தார். அந்நகரின் இசை வாழ்வுக்குத் தலைவராய் விளங்கியவர் மெண்டல்சன். அவ்வாண்டுதான் அவர் அங்கு ஓர் இசைக் கல்லூரியையும் தொடங்கியிருந்தார். சிறுவனை வாசிக்கச் சொல்லிக் கேட்ட அவர், வயலினுக்காக இவன் கல்லூரி புக வேண்டுவதில்லை என்று கூறிவிட்டார். கெட்டிக்காரப் பிள்ளைக்கு இனிப் பள்ளிக்கூடம் வேண்டா என்று அவர் கருதியதாக யாரும் நினைத்துவிட வேண்டா! இசையிலக்கணத்தை ஹௌப்ட்மன் என்பவரிடம் கற்க வேண்டும், டாவிட் என்னும் வயலின் தலைவரிடம் அவ்வப்பொழுது வாசித்துக் காட்ட வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாகத் தனி ஆசிரியர் ஒருவரிடம் பொதுக்கல்வியும் பெற வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். வெறும் விரல் வித்தைக்காரனாக அவன் நின்றுவிடலாகாது என்பது அவர் எண்ணம். மெண்டல்சன் தாமே பியானோ வாசித்து அவனுடன் இசைத்துப் பழகினார்.

மறு ஆண்டு மெண்டல்சன் அவனை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள பில்ஹார்மனிக் சங்கத்தில், சிறுவர்களை மேடையேற்றுவதில்லை என்று ஒரு விதி இருந்தது. வித்தை காட்டும் குழந்தைகளைக் கொண்டுவந்து பணம் பண்ணும் வழக்கம் அந்நாளில் மிகுந்திருந்தமையால் அவ்விதி தேவையாயிற்று. யோவாகிமுக்காக அது தளர்த்தப்பட்டது. 1844ஆம் ஆண்டு மே திங்கள் 27ஆம் நாள், பதின்மூன்று வயது நிரம்ப ஒரு திங்கள் இருந்த நிலையில், பீத்தோவனின் வயலின் கன்செர்ட்டோவை அவன் வாசித்தான். தனி வயலின் ஒன்று பெரும் இசைக்குழுவோடு உரையாடுவதுபோல் அமைந்த நீண்ட இசைப் படைப்பையே கன்செர்ட்டோ என்பர். அக்காலத்தில் அப்படைப்பை வாசிப்பார் மிகக் குறைவு, கேட்பாரும் குறைவு. அன்று அவையினர் எழுப்பிய ஆரவாரத்திற்குப் பின் அதனை ஒதுக்கி வைப்பது யார்க்கும் எளிதாய் இருக்கவில்லை. இன்று உலகில் வயலின் பயில்வோர் அனைவரும் அதனை எட்டிப்பிடிக்க விரும்புகின்றனர்.

1847ஆம் ஆண்டு நவம்பரில் மெண்டல்சன் தம் 38ஆம் வயதிலேயே மறைந்தார். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது தந்தையை இழந்தது போன்ற துன்பம். சில ஆண்டுகள் லைப்சிக் இசைக்குழுவில் பணியாற்றிய பின், 1850ஆம் ஆண்டில் வைமார் நகரில் லிஸ்ட் என்னும் பெரும் பியானோக் கலைஞரின் கீழ் வயலின் தலைவராய் அமர்ந்தார். லிஸ்ட்டின் புதுமை இசை அவர் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை. 1857இல் அதனை மறைக்காமல் கடிதம் எழுதி விலகிக்கொண்டார். உதவிய பெரியவரிடம் அவ்வளவு கடுமை வேண்டுமா என்பது நமக்கு இன்றும் ஐயந்தான். நேர்மை இருந்தது, இன்னும் சிறிது கனிவும் இருந்திருக்கலாம்.

அதற்கு முன்னரே, 1853ஆம் ஆண்டில், அவர் ஹானோவர் மன்னரின் அரண்மனை இசைக்குழுவில் பதவி ஏற்றிருந்தார். அவ்வாண்டு அவரைக் காண இருபது வயது இளைஞர் ஒருவர் வந்தார். அவரே பின்னாளில் பெரும் புகழ் எய்திய பிராம்ஸ். அவ்விளைஞரின் ஆற்றலைக் கண்ட யோவாகிம், டுசல்டார்ஃப் நகரில் வாழ்ந்த இசைப்புலவர் ஷூமனிடம் செல்லுமாறு தூண்டினார். அவ்வாண்டின் இலையுதிர்க் காலத்தில் ஷூமன், பிராம்ஸ், டீட்ரிக் ஆகிய மூவரும் சேர்ந்து யோவாகிமை வரவேற்க ஒரு வயலின் இசையை இயற்றினர். யோவாகிம் தமக்கென ஒரு தொடரை அந்நாளில் கொண்டிருந்தார். கட்டற்று வாழ்பவன் தனியனாகவும் வாழ்கின்றான் என்பது அதன் கருத்து. அத்தொடரின் மூன்று முதலெழுத்துகளையே மூன்று சுரங்களாக்கி அவ்விசையில் வைத்தனர். இருபத்திரண்டு வயதில், பல ஊர்களின் பாராட்டுக்கு நடுவிலும், அவ்விளைஞர் தம்மைத் தனியன் என்று எண்ணினார் என்பதை வாசகர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

ஹானோவரில் நிகழ்ந்த இன்னொன்றை விட்டுவிடலாகாது. அரண்மனைக் குழுவில் குரூன் என்னும் வயலின் கலைஞர் ஒருவர் இருந்தார். யோவாகிமே அவரை அழைத்து வந்தவர். நிலையான பதவிக்கு அவர் தகுதி பெற்றபொழுது, யூதர் என்ற காரணத்தால் மேலிடம் மறுத்தது. யோவாகிமும் யூதராய்ப் பிறந்தவரே. ஆனால், 1855இல் கிறித்துவ சமயத்தைத் தழுவியிருந்தமையால் அவருக்கு அத்தடை இல்லை. தாம் சமயம் மாறியதனால் ஒரு நன்மையைத் துய்த்துக்கொண்டு, மாறாத நண்பர் இழிவுபடுவதைப் பார்த்திருக்க அவர் உடன்படவில்லை. 1865ஆம் ஆண்டில் தம் பதவியிலிருந்து விலகினார். அப்பொழுது அவருக்குத் திருமணமாகி ஈராண்டுதான் ஆகியிருந்தது. அரண்மனைச் சம்பளத்தை நம்பியிருந்த எந்தக் கலைஞருக்கும் அஃது எளிய செயலன்று. குரூன் பின்னர் வியன்னா சென்று, அரசவை இசையரங்கில் வயலின் தலைவராகவும் இசைக் கல்லூரியில் ஆசிரியராகவும் உயர்ந்தார்.

1866இல் ஹானோவர் அரசே பிரஷ்யாவுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. யோவாகிம் 1868இல் பெர்லின் சென்றார். அடுத்த ஆண்டு, 1869இல், அங்கு அரசு இசைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதனை அமைத்து நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. வயது 38. ஐரோப்பாவின் எந்த நகரிலும் தனி வயலின் வாசித்துப் பெரும்பொருள் ஈட்டக்கூடிய நிலையில் இருந்தவர் அவர். அத்தகையவர் மாணவர்களின் தவறான சுரங்களைத் திருத்திக்கொண்டு, கால அட்டவணை தீட்டிக்கொண்டு, அலுவலகக் கடிதங்களுக்கு மறுமொழி எழுதிக்கொண்டு ஒரு பள்ளியில் அமர்ந்தார். அங்கேயே வாழ்நாள் இறுதி வரை, ஏறத்தாழ 38 ஆண்டுகள், இருந்தார். தலைமையாசிரியர் வேலையின் சுவையும் சுமையும் அறிந்தவராதலின், இச்செய்தியை நாம் சற்று உரிமையோடு எழுதுகின்றோம்.

அதே 1869இல் அவர் தம் நால்வர் குழுவையும் அமைத்தார். பல்லாண்டுகள் ஓடியதில் உடன் வாசித்தோர் மாறினர். டி ஆனா இரண்டாம் வயலினாக நெடுங்காலம் இருந்தார். அவருக்குப் பின் குரூசேயும் ஹாலிரும் வந்தனர். வியோலாவில் விர்ட், செல்லோவில் ஹௌஸ்மன் ஆகிய இருவரும் 1870களின் இறுதியிலிருந்து நிலைத்து நின்றனர். இவர்கள் இசைக் கல்லூரியிலும் கற்பித்தவர்கள். பகலில் பாடம், மாலையில் ஒத்திகை. குளிர்காலந்தோறும் பெர்லினின் சிங்அகாடமி மண்டபத்தில் நிகழ்ச்சிகள். ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன், பிராம்ஸ் ஆகியோரின் நால்வர் இசைகளே அவர்கள் உணவு. பீத்தோவன் இறுதிக் காலத்தில் இயற்றியவற்றை விளங்காதவை என்று பலர் தள்ளி வைத்திருந்தனர். யோவாகிம் குழுவினர் ஆண்டுதோறும் அவற்றை மீண்டும் மீண்டும் வாசித்தனர். கேட்போர் செவி சிறிது சிறிதாய்ப் பழகிற்று. நால்வர் இசைக்கு மக்கள் திரள மாட்டார்கள் என்றிருந்த எண்ணமும் மாறிற்று.

இலண்டனில் நிலைமை இன்னும் இனிது. அங்குப் பிக்கடிலித் தெருவை அடுத்திருந்த செயின்ட் ஜேம்ஸ் மண்டபத்தில், 1859ஆம் ஆண்டு முதல் திங்கட்கிழமை தோறும் மக்கள் இசை நிகழ்ச்சிகள் நடந்தன. ஒரு ஷில்லிங் கொடுத்தால் உள்ளே இடம் கிடைக்கும். கடைச் சிப்பந்திகளும் எழுத்தர்களும் மாணவர்களும் அந்த ஒரு ஷில்லிங் இருக்கைகளில் அமர்ந்து நால்வர் இசையைக் கேட்டனர். யோவாகிம் ஆண்டுதோறும் கடல் கடந்து சென்று அங்கே முதல் வயலின் வாசித்தார். பெர்லின் குழுவின்றி, இலண்டனில் வாழ்ந்த கலைஞர்களோடு அமர்வார். செல்லோவில் இத்தாலியரான பியாட்டி. அரசர் மாளிகையில் வாசித்த அதே கவனத்தோடு ஒரு ஷில்லிங் மக்களுக்கும் வாசித்தமையால்தான் ஆங்கில மக்கள் அவரைத் தம்மவராகவே கொண்டாடினர். 1877இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. செர்மனியிலும் ஒரு நற்பணி உண்டு. பான் நகரில் பீத்தோவன் பிறந்த இல்லம் அழியும் நிலையில் இருந்தபொழுது, 1889இல் அன்பர்கள் ஒரு சங்கம் அமைத்து அதனை வாங்கினர். அச்சங்கத்தின் மதிப்புறு தலைவராய் இருந்து, 1890இல் தொடங்கிய அறையிசை விழாக்களின் வாயிலாகத் துணை நின்றவர் யோவாகிம்.

பிராம்ஸுடன் கொண்ட நட்பின் கதை இன்பமும் துன்பமும் கலந்தது. 1878இல் பிராம்ஸ் ஒரு வயலின் கன்செர்ட்டோவை எழுதினார். அவர் பியானோக் கலைஞர். வயலினில் விரல் எட்டாத இடங்களை எழுதிவிடுவோமோ என்ற அச்சத்தால், தாள்களை யோவாகிமிடம் அனுப்பித் திருத்தக் கேட்டார். யோவாகிம் கையெழுத்துப் படியிலேயே குறிப்புகள் இட்டார். சிலவற்றைப் பிராம்ஸ் ஏற்றார், சிலவற்றை ஏற்கவில்லை. 1879ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் லைப்சிக் நகரில் அது முதன்முதல் ஒலித்தது. யோவாகிம் வாசிக்க, பிராம்ஸ் நடத்தினார். சில ஆண்டுகளில் யோவாகிமின் இல்வாழ்வில் ஐயம் என்னும் நோய் புகுந்தது. மனைவியார் அமாலியே சிறந்த பாடகியார். கணவரின் ஐயம் அடிப்படையற்றது எனக் கருதிய பிராம்ஸ், அம்மையாருக்கு ஆறுதலாகக் கடிதம் எழுதினார். அக்கடிதம் நீதிமன்றம் வரை சென்றது. 1884இல் மணவிலக்கும் நேர்ந்தது. முப்பதாண்டு நட்பும் முறிந்தது. பிழை யோவாகிமுடையதே என்று நாம் கருதுகின்றோம். ஆயினும் ஒன்று: பேச்சு நின்ற அந்த ஆண்டுகளிலும் அவர் பிராம்ஸின் இசையை மேடையில் வாசிப்பதை நிறுத்தவில்லை. 1887இல் பிராம்ஸ் வயலினுக்கும் செல்லோவுக்குமாக ஓர் இரட்டைக் கன்செர்ட்டோ எழுதி, யோவாகிமையும் ஹௌஸ்மனையும் வாசிக்க அழைத்தார். நேரில் மன்னிப்புக் கேட்க நாவெழாத இரு பெரியவர்கள் அவ்வாறு மீண்டும் ஒரே மேடையில் நின்றனர்.

இனி அவர் கற்பித்த முறைக்கு வருவோம். யோவாகிம் நீண்ட விளக்கம் தரும் ஆசிரியரல்லர். மாணவன் வாசிப்பான். அவர் தம் வயலினை எடுத்து, இவ்வாறு வாசிக்க வேண்டும் என்று அதே பகுதியை வாசித்துக் காட்டுவார். பிடித்துக்கொண்டவன் பிழைத்தான், பிடிக்காதவன் விழித்தான். இக்குறையை அவரிடம் பயின்ற லியோபோல்ட் ஆவெர் என்பாரே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். பயிற்சிக் கல்லூரி மேற்பார்வையாளர் எவரும் இப்பாடத்திற்கு நல்ல புள்ளி போட்டிருக்க மாட்டார்! விரல் பயிற்சியும் வில் பயிற்சியும் பெரும்பாலும் துணையாசிரியர்களிடம் நடந்தன. இருப்பினும், கல்லூரி மாணவன் தனித்து வாசிக்கும் திறத்தோடு நில்லாமல், பெரும் இசைக்குழுவிலும் நால்வர் குழுவிலும் பிறரோடு சேர்ந்து வாசிக்கப் பழகினான். அவ்வாறு பயின்றவர்கள் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் இசைக்குழுக்களில் தலைமை இடத்தில் அமர்ந்தனர். இசைக் கல்லூரிகளில் ஆசிரியராயினர். தத்தம் நால்வர் குழுக்களை அமைத்தனர். பெண்டிரும் அவருள் இருந்தனர். மரீ சொல்டாட் என்னும் அம்மையார் மகளிர் மட்டுமே கொண்ட நால்வர் குழுவை நிறுவினார். மேற்சொன்ன ஆவெர் உருசிய நாடு சென்று ஹைபெட்ஸ் போன்ற மேதைகளை உருவாக்கினார். வயலின் கற்றால் என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்ட நம் மாணவன் இப்பத்தியை இருமுறை படிப்பானாக.

1899இல் அவர் மேடையேறிய அறுபதாம் ஆண்டை பெர்லினில் கொண்டாடினர். அன்றைய இசைக்குழுவில் நூற்றுக்கு மேற்பட்ட நரம்பிசைக் கலைஞர்கள் திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அவரிடம் பயின்றவர்கள். ஆசிரியர் முன்வரிசையில் அமர்ந்து கேட்டார். பின்னர் எல்லாரும் வற்புறுத்தவே, அவரும் வயலினை எடுத்துப் பீத்தோவனின் கன்செர்ட்டோவை வாசித்தார். சிறுவனாய் இலண்டனில் வாசித்த அதே படைப்புத்தான்.

1903ஆம் ஆண்டில், 72 வயதில், ஒலித்தட்டு நிறுவனத்தார் அவர் வாசிப்பைப் பதிவு செய்தனர். ஐந்து பக்கங்களே கிடைத்தன. பாஹ் என்னும் பழம் புலவரின் இரண்டு பகுதிகள், பிராம்ஸின் அங்கேரி நடனங்கள் இரண்டு, தாமே இயற்றிய சிறு பாட்டொன்று. மழை பெய்யும் ஓசையைப்போன்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு முதியவரின் வில் ஒலிக்கின்றது. விரல்கள் தளர்ந்துள்ளன, சில சுரங்கள் வழுவுகின்றன. எனினும், பாட்டின் ஓட்டத்தில் எங்கு நிற்பது, எங்கு விரைவது என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. 1831இல் பிறந்த ஒருவருடைய வாசிப்பை இன்றும் நம்மால் கேட்க முடிகின்றது என்பது பெரிய பேறு.

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்கள் 15ஆம் நாள் யோவாகிம் பெர்லினில் இயற்கை எய்தினார். அவருடைய நால்வர் குழுவும் அத்துடன் முடிந்தது.

அவருடைய இறுதிக் காலத்தில் அக்குழுவில் வியோலா வாசித்த இளம் மாணவர் கார்ல் கிளிங்லர். இவர் தமக்கென ஒரு நால்வர் குழுவை அமைத்து நடத்தி வந்தார். நாஜிகள் ஆட்சியில் அவர் குழுவின் செல்லோக் கலைஞர் யூதர் என்பதனால் நெருக்கடி வந்தது. அவரை நீக்கிவிட்டு வாசிப்பதற்குக் கிளிங்லர் இசையவில்லை. 1936இல் குழுவையே கலைத்துவிட்டார்.

அதற்கு முன், 1920களில், சப்பானிலிருந்து பெர்லின் வந்த ஓர் இளைஞர் பல ஆண்டுகள் கிளிங்லரிடம் வயலின் பயின்றார். பெயர் ஷினிச்சி சுசுகி. நாடு திரும்பியதும் தம் உடன்பிறந்தார் மூவருடன் ஒரு நால்வர் குழு அமைத்தார். உலகப்போருக்குப்பின், 1946இல், மட்சுமோட்டோ நகரில் சிறுவர்க்கான இசைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். எல்லாக் குழந்தைகளும் தத்தம் தாய்மொழியைத் தட்டின்றிப் பேசுகின்றனர். அவ்வாறே கேட்டுக் கேட்டு இசையையும் கற்க இயலும் என்பது அவர் கண்ட முறை. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளின் கையிலும் அவர்களுக்கேற்ற மிகச் சிறிய வயலினைக் கொடுத்தார். அம்முறை இன்று பல நாடுகளில் பரவியுள்ளது.

பொருளறையில் அகப்பட்ட நம் வயலினைப் பட்டணத்திற்குக் கொண்டுபோய்க் காட்டினோம். உடல் மரத்தில் விரிசல் இல்லை என்றும், இரண்டு கம்பிகளும் வில்லுக்குப் புது மயிரும் போட்டால் வாசிக்கலாம் என்றும் கடைக்காரர் கூறினார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் செலவை ஏற்றுக்கொண்டுள்ளனர். பள்ளி விடுமுறை முடிந்து வரும்பொழுது அது நம் அலுவலகத்தில் இருக்கும். கேட்ட மாணவன் வந்து பெற்றுக்கொள்ளலாம்.